டாக்டரம்மாவின் குட்டைக்கால் நாய்

பிறந்த குழந்தைகளை எடை பார்ப்பதற்காக எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தராசு இருந்தது. அதன்மேல் வெள்ளைப் பூச்சு உதிர்ந்த தகரத் தொட்டில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்தத் தொட்டிலில் ஒருநாள் காலை ஒரு நாயை வைத்து எடை பார்த்தேன். தலை ஒரு பக்கமும் வால் மறுபக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் வயிறு மட்டும் தொட்டிலுக்குள் கிடந்தது. அது அசையவில்லை. கண்ணை மட்டும் உருட்டி, இந்த அவமானத்துக்கு யார் காரணம் என்று தெரிந்துகொள்வது போல என்னைப் பார்த்தது. "பதினெட்டு பவுண்டுங்கம்மா" என்றேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

இரண்டாவது உலகப் போர் முடிந்த மறுவருஷம் அது. அரியலூரில் அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். வயது இருபத்தாறு. டாக்டரம்மா பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒருவரை நம்பிவிட்டால் முழுக்க நம்பிவிடுவார். நான் கலக்கிய மருந்துப் புட்டிகளை அவர் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. "கம்பவுண்டர் கொடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்று நோயாளிகளிடம் சொல்வார். அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு நான் பெருமையாக நடந்த நாட்கள் உண்டு.

நாய் அவருக்கு மெட்ராஸிலிருந்து வந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் குடும்பம் கொடுத்துவிட்டுப் போனதாம். பெயர் பெப்பர். ஊரில் யாரும் அப்படி ஒரு நாயைப் பார்த்ததில்லை. உடம்பு நம் நாட்டு நாயின் நீளம். கால்கள் பூனையின் கால்களைவிடக் குட்டை. வயிறு தரையைத் தொடாமல் போக ஒரு சாண்கூட இடைவெளி இல்லை. முன்னங்கால் பாதங்கள் அகலமாக, சற்று உள்பக்கம் வளைந்து, சின்ன மண்வெட்டிகள் போல இருக்கும். மார்பு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு ஆழம். அதிலிருந்து வரும் குரைப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பவன் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாயை நினைத்துக்கொள்வான். கரிய மேனி, கால்களிலும் முகவாயிலும் பழுப்பு, கண்களுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டுகள். அந்தப் பொட்டுகளால் தூங்கும்போதும் அது விழித்துக்கொண்டிருப்பது போலவே தோன்றும்.

குணமும் உருவத்தைப் போலவே வேறு மாதிரி. கூப்பிட்டால் உடனே வராது. நின்று, திரும்பிப் பார்த்து, போகலாமா என்று யோசித்துவிட்டுத்தான் வரும். திட்டினால் அரைநாள் கோபம். நம் எதிரில் வந்து முதுகைக் காட்டி உட்காரும். படுத்தால் மேலே துணி வேண்டும். பழைய புடவை ஒன்றைப் போட்டால் மூக்கால் நெம்பி உள்ளே புகுந்து, மூச்சு மட்டும் துணியை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோண்டும். ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் பின்னால் வருஷக்கணக்காக வாழ்ந்த பெருச்சாளிகளை இரண்டே மாதத்தில் ஒழித்துவிட்டது. ஒருமுறை கோயில் காளை ஒன்று உள்ளே வந்துவிட்டபோது அதன் நான்கு கால்களுக்கும் நடுவில் நின்று குரைத்தது. காளை கொம்பை ஆட்டியது. இது ஓரடிகூட நகரவில்லை. கடைசியில் காளைதான் போனது.

டாக்டரம்மா அந்த இனத்தைப் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தார். ஓய்வான மத்தியானங்களில் அதிலிருந்து எனக்குப் படித்துச் சொல்வார். ஜெர்மனியில் வளைக்குள் பதுங்கும் மிருகங்களைப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனமாம். கால் குட்டையானது வளைக்குள் நுழைய. மார்பு ஆழமானது மண்ணுக்கடியில் மூச்சுத் தாங்க. குரல் பெரிதானது மேலே நிற்பவனுக்குக் கேட்க. சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடிக்கொண்டு, "இதுல ஒரு கஷ்டம் இருக்கு கம்பவுண்டர். உள்ள போனா இதுக்குப் பின்வாங்கத் தெரியாது. எதிர்ல இருக்கறது சாகணும், இல்ல இது சாகணும்" என்றார்.

அந்த ஐப்பசியில் அவருடைய தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. பத்து நாள் விடுப்பில் கிளம்பினார். நாயின் கயிற்றை என் கையில் கொடுத்து, "உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். எந்தப் பொந்துப் பக்கமும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன்.

என் மனைவி அப்போது நிறைமாதமாகத் தாய்வீட்டில் இருந்தாள். கல்லங்குறிச்சிக்குப் பக்கத்தில் என் மாமனாருக்கு நிலபுலம் நிறைய. அந்த வீட்டில் யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு மாறும். விதைப்பு, மாடு, வரப்புத் தகராறு எல்லாம் நின்று, "ஆஸ்பத்திரியில கூட்டம் எப்படிங்க மாப்ள?" என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி மாட்டுக்குப் போய்விடுவார்கள். மருந்து கலக்குகிறவனுக்கு அந்த வீட்டில் பேச ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாயையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். பாதி வழி கூடையில் வந்தது. பாதி வழி பிடிவாதமாகக் குதித்து இறங்கி, அந்தக் குட்டைக் கால்களால் சக்கரத்தோடு ஓடி வந்தது. வாசலில் அதைப் பார்த்ததும் என் பெரிய மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னங்க மாப்ள, நாய்க்குக் கால் வைக்க மறந்துட்டாங்களா? மழையில நனைஞ்சா வவுறு சேத்துல ஒட்டிக்குமே!"

கூடி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. அவர்கள் சிரித்தது நாயைப் பார்த்துத்தான். ஆனால் நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"சிரிக்காதீங்க. இது வேட்டை நாய். முள்ளம்பன்றி வளைக்குள்ள பூந்து இழுத்துட்டு வரும்" என்றேன். புத்தகத்தில் கேட்டதையெல்லாம் நானே கண்டறிந்தது போல எடுத்துவிட்டேன். மார்பைத் தூக்கிக் காட்டினேன். பாதத்தை விரித்துக் காட்டினேன். வளைக்குள் போனால் பின்வாங்காது என்பதையும் சொன்னேன், அதை ஒரு பெருமையாக.

பேச்சு நின்றது. மாமனார் முதல்முறையாக என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். மல்லாட்டைக் கொல்லையில் முள்ளம்பன்றி புகுந்து கடலையில் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டதாம். வளை ஓடைக்கரையில் இருக்கிறதாம். "அப்ப வாங்களேன், காட்டுங்க பாப்போம்" என்றார் மச்சான்.

அந்த இடத்தில் நான் மறுத்திருக்கலாம். இது என் நாய் அல்ல என்ற ஒரே வாக்கியம் போதும். அது வாய்வரைக்கும் வந்ததென்றுகூடச் சொல்ல முடியாது. மாமனார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

ஓடைக்கரையில் சுண்ணாம்பு கலந்த சுக்காம்பாறை அடுக்கடுக்காகத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் கீழே வளையின் வாய். வாசலில் உதிர்ந்த முட்கள் இரண்டு கிடந்தன. கயிற்றை அவிழ்க்கும் முன்பே நாயின் உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்துவிட்டது. அது பயத்தில் வந்த நடுக்கம் இல்லை. இதற்காகத்தான் பிறந்தோம் என்று அன்றுதான் அதற்குத் தெரிந்தது போலிருந்தது. அவிழ்த்தேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது. வாலின் நுனி கடைசியாக மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் மண்ணுக்கடியிலிருந்து அந்தப் பெரிய குரைப்பு கேட்டது. "அட!" என்றார் மச்சான். பாதத்துக்குக் கீழே குரல் நகர்ந்துகொண்டே போனது. நாங்கள் மேலே அதன்கூடவே நடந்தோம். மாமனார் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு உறுமல், முட்கள் சலசலக்கும் சத்தம், ஒரு வீறிடல். மறுபடி குரைப்பு. எங்கேயோ மண் சரிந்த சத்தம் லேசாகக் கேட்டது. அதன் பிறகு குரல் நகரவில்லை. ஒரே இடத்திலிருந்து வந்தது.

மண்வெட்டி கொண்டுவந்து தோண்டினார்கள். இரண்டு முழத்தில் பாறை தட்டியது. வேறொரு பக்கம் தோண்டினார்கள், அங்கேயும் பாறை. உச்சி வெயில் ஏறியதும் மச்சான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "கடப்பாறைக்காரனுங்க நாலு பேர் வந்தாத்தான் ஆவும் மாப்ள. நாய்க்காகவா கூப்பிடுறது? அது வந்தா வரும், வாங்க சாப்புடலாம்" என்றார். மாமனார் முன்பே போய்விட்டிருந்தார்.

நான் ஒருவன் நின்றேன். பாறையின்மேல் காதை வைத்துப் படுத்தேன். குரைப்பு கேட்டது. இடைவெளி விட்டு, எண்ணி எண்ணிக் குரைப்பது போல. மேலே ஆள் நிற்கிறான், தோண்டிக்கொண்டு வருவான் என்ற நம்பிக்கையில் குரைக்கிற இனம் அது. அதுவும் எனக்குப் புத்தகத்திலிருந்து தெரியும். கல்லங்குறிச்சிக்குப் போய் நான்கு ஆட்களைக் கூட்டிவந்திருக்கலாம். மாமனாரிடம் கையெடுத்துக் கும்பிட்டிருந்தால்கூட ஆள் அனுப்பியிருப்பார். ஒரு நாய்க்காகக் கெஞ்சுகிற மாப்பிள்ளை என்று ஆகிவிடுவேனே என்று நினைத்தேன். நான் எழுந்தபோதும் அது குரைத்துக்கொண்டுதான் இருந்தது.

வீட்டில் என் மனைவி, "நாய் எங்கங்க?" என்று கேட்டாள்.

"ஆள் விட்டுத் தோண்டுவாங்க. நாளைக்கு அனுப்பி வச்சிடுவாங்க" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் அரியலூர் திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, எதிர்பார்த்ததற்கு முன்பே டாக்டரம்மா வந்துவிட்டார். தாயாருக்குத் தேவலையாம். அவருக்காக நான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், புங்க மரத்தடியில், ஒரு குழி வெட்டி மறுபடி மூடி, மேலே கல் அடுக்கி வைத்திருந்தேன். அந்த வேலையை எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நாயின் நீளத்துக்குக்கூட அளந்து வெட்டினேன்.

"பாம்பு கடிச்சிடுச்சுங்கம்மா. நல்ல பாம்பு. வேலியோரம்" என்றேன்.

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா. கொஞ்ச நேரந்தான். என் மடியிலதான் தலைய வச்சிருந்துச்சு. உங்க ரூம் பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

கேட்காததையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் ஒருவர் கம்பவுண்டர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதைச் சுற்றிலும் நோயாளிகள் பார்த்தார்கள். "நல்லவேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. அடை மழை. டாக்டரம்மா சன்னல் வழியாகப் புங்க மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, தயக்கத்தோடு, "பைத்தியக்காரத்தனமா இருக்கும். இருந்தாலும்... அதுக்கு நனையறது பிடிக்காது. மேல ஒரு பாய் போட முடியுமா?" என்றார். நான் பாயை எடுத்துக்கொண்டு மழையில் போனேன். வெறும் மண்ணின்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தேன். அங்கே ஓடைக்கரை வளைக்குள்ளும் இந்த மழைதான் இறங்கிக்கொண்டிருக்கும் என்று தெரிந்தே வைத்தேன். திரும்பி வந்ததும் அவர் எனக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தார்.

சனிக்கிழமை காலை. மழை விட்டு வெயில் அடித்தது. சீட்டு வாங்க வரிசையில் நின்ற பெண்கள் திடீரென்று விலகினார்கள். நடுவில் நாய் வந்துகொண்டிருந்தது. உடம்பு முழுக்கச் சுக்காம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. விலா எலும்புகளை எண்ணலாம். முகவாயிலும் மார்பிலும் முட்கள் ஒடிந்து நின்றன; இடது கண் இருந்த இடம் வீங்கி மூடியிருந்தது. பட்டினியில் உடம்பு வற்றியதாலும் மழையில் மண் இளகியதாலும்தான் அது வெளியே வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் பிறகு யோசித்தேன். அந்த நிமிஷத்தில் என் கையிலிருந்த அளவுக் குவளை விழுந்து உடைந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

அது டாக்டரம்மாவின் அறைக்குத்தான் போனது. போகிற வழியில் என் முன்னால் நின்றது. என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. வாலை ஆட்டியது. இரண்டே ஆட்டுதான், அதற்குமேல் அதற்குச் சக்தி இல்லை.

டாக்டரம்மா கூச்சல் போடவில்லை. தரையில் உட்கார்ந்து அதன் வாயில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டார். முட்களைப் பார்த்தார். மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி ஆயா வாயைப் பிளந்துகொண்டு, "பொதைச்ச நாய் எப்படிங்கம்மா எந்திரிச்சு வந்துச்சு?" என்றாள். "கம்பவுண்டர் வேற ஏதோ நாயைப் பார்த்துட்டு ஏமாந்துட்டாரு" என்றார் டாக்டரம்மா. அரியலூரிலேயே அப்படி வேறொரு நாய் கிடையாது. ஆயாவுக்கும் அது தெரியும். பொய்யே சொல்லாதவர் என்று பேர்பெற்ற ஒருவர் எல்லோர் முன்னாலும் எனக்காக ஒரு மோசமான பொய்யைச் சொன்னார்.

பெரம்பலூரில் ஒரு மாட்டு டாக்டர் இருந்தார். "நீங்களும் வாங்க, பிடிச்சுக்க ஆள் வேணும்" என்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அந்நாளில் பஸ் கரியில் ஓடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். வழி நெடுக நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது. மாட்டு டாக்டர் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கியபோது அதன் தலையை என் கைகளுக்குள் வைத்துப் பிடித்திருந்தேன். வலி தாங்காமல் நடுங்கியது, கடிக்கவில்லை. ஒரு முள் வருவதற்கும் அடுத்த முள் வருவதற்கும் நடுவில் என் மணிக்கட்டை நக்கியது.

திரும்பும்போது பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆட்கள் இறங்கிப் போனார்கள். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"அந்தக் குழியில என்ன இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சோளக்கொல்லை ஈரமாக மின்னியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் சிரித்தது, மாமனார் தட்டியது, பாறையில் காது வைத்தது, எழுந்து வந்தது. குறுக்கே பேசாமல் கேட்டார்.

"விட்டுட்டு வந்ததைக்கூட நான் புரிஞ்சுக்குவேன். பயம், வெக்கம், எல்லாருக்கும் வரும். ஆனா என் ரூம் பக்கம் பாத்துக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அதை எப்படிச் சொன்னீங்க?"



அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மேலதிகாரிக்கு எழுதவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல மருந்து கலக்கி வரிசையாக வைத்தேன். டாக்டரம்மா வந்தார். முதல் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், சீட்டோடு ஒப்பிட்டார், வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அதன்பிறகு அவர் அங்கிருந்த ஒன்றரை வருஷமும் ஒருநாள் தவறாமல் அது நடந்தது. நான் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நாயும் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கும். ஒரு கண் போய்விட்டிருந்தாலும் உடம்பு தேறிவிட்டது. முன்போலவே தோண்டியது, முன்போலவே கோபித்துக்கொண்டது. என்னைப் பார்த்தால் மட்டும் யோசிக்காமல் வரும். மற்றவர்கள் கூப்பிட்டால் நின்று யோசிக்கிற நாய், என்னிடம் மட்டும் நேராக வரும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமனார் வீட்டில் இதை வேடிக்கைக் கதையாக வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். என் மனைவி ஒருமுறை, "அன்னிக்கு நீங்க எழுந்து வந்தப்ப அது கத்திக்கிட்டு இருந்துச்சா, அடங்கிடுச்சா?" என்று கேட்டாள். "அடங்கிடுச்சு" என்றேன். அவள் போய்ச் சேரும்வரை அப்படியே நம்பினாள். இப்போது அந்த ஓடைக்கரை கிடையாது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி, அந்தப் பக்கமே பெரிய பள்ளமாகிவிட்டது. ரெட்டிபாளையம் பக்கம் பேரன் வேலை பார்க்கிறான். அவனோடு மோட்டார் சைக்கிளில் போகும்போது, வளை எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று என்னால் கண்டுபிடிக்கக்கூட முடியவில்லை. நாற்பது வருஷம் மருந்து கலக்கினேன். ஒரு புட்டிகூட மாறியதில்லை என்று ஓய்வு பெற்ற அன்று மேடையில் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புட்டியையும் இரண்டுமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தபோது சாமான்களை ஏற்றிவிட நானும் ரயிலடிக்குப் போனேன். காலை வண்டி. பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். மூட்டைகளைக் கணக்குப் பார்த்துச் சீட்டு வாங்க அவர் உள்ளே போகவேண்டியிருந்தது. பக்கத்தில் ஆயா நின்றிருந்தாள், தோட்டக்காரரும் நின்றிருந்தார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு நேராக என்னிடம் வந்து, நாயின் கயிற்றை என் கையில் கொடுத்தார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். நாய் என் செருப்பின்மேல் உடம்பைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. அவர் வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. நடந்ததைப் பஸ்ஸில் சொன்னேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. வாக்கியத்தை மனசுக்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தும் வைத்தேன். வண்டி வந்து நின்றது. அவர் வேகமாக வந்து கையை நீட்டினார்.

கயிற்றைக் கொடுத்தேன்.

"ஒண்ணும் தொந்தரவு பண்ணலீங்கம்மா" என்றேன்.

அவரிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.